அத்தை வாங்கிய பவுண்டேஷன்

அத்தை இந்தியாவுக்குப் போவதற்கு முன் அப்பா அவளிடம் கேட்டது ஒரு படம் மட்டும்தான்.

அத்தையைக் கட்டிய மாமா வீட்டாருக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்திருந்தது. எங்களுக்கு இலங்கைக் குடியுரிமை. தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில், ஒருவர் வீட்டுக் குழம்பை மற்றவர் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் வேறு வேறு நாட்டுக்காரர்களாகிவிட்டோம். இது எப்படி நடந்தது என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. பெரியவர்களுக்கே விளங்கியிருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தில் ஒரு பிரதி வீட்டில் இருந்தது. அதில் அத்தையின் முகம் ஒரே இருட்டாக விழுந்திருந்தது.

"கரிச்சட்டிக்கு மூக்குத்தி போட்ட மாதிரில்ல இருக்கு," என்றாள் அம்மா.

எல்லாரையும் விட அத்தைதான் அதிகமாகச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "மூஞ்சி தெரியுற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டுப் போ தங்கச்சி," என்றார். அப்பா யாரிடமும் எதையும் கேட்கிறவரல்ல. அதனால் அத்தை அதைப் பெரிய காரியமாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு பதுளை டவுனுக்கு பஸ் ஏறினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. போட்டோக்காரர் பழைய படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வெறும் பவுடர் பூசினா வேர்வையில திட்டுத் திட்டாத்தான் விழும். அடியில பவுண்டேஷன் போட்டுட்டு, அது மேல பவுடர் போடுங்க. பளிச்சுன்னு வரும்."

வெளியே வந்ததும் அத்தை கேட்டாள்: "அது என்னடி?"

பள்ளிக்கூடம் போகிறவள் என்பதால் என்னிடம் கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "வாசமா இருக்கும்," என்றேன்.

வெளிநாட்டுச் சாமான்கள் மறுபடியும் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. பஜாரில் வளையல், ரிப்பன், சோப்பு விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரரான முஸ்லிம் நானா முதலில் ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து வைத்தார். விலையைக் கேட்டதும் அத்தை அதை இரண்டு கைகளாலும் பிடித்து, பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

"வெல கொறஞ்சதும் இருக்கு, தங்கச்சி," என்று அவர் சின்ன டியூப்களை எடுத்துப் பரப்பினார். மூன்று நிறங்கள். "மொகத்துல போட்டுப் பாக்கக் குடுக்க ஏலா. பொறங்கையில தேச்சுப் பாருங்க. எது தோலோட சேந்து மறையுதோ, அதுதான் ஒங்கட நெறம்."

முதல் இரண்டும் அத்தையின் புறங்கையில் சுண்ணாம்பு மாதிரி நின்றன. மூன்றாவது, தேய்த்த இடம் தெரியாமல் மறைந்தது. நான் குனிந்து தேடினேன். எங்கே தேய்த்தாள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இது ஏதோ வித்தை என்று எனக்குத் தோன்றியது.

"ஒங்களுக்குன்டே செஞ்ச மாதிரி," என்றார் நானா. நெற்றியில், மூக்கில், இரண்டு கன்னத்தில், தாடையில் பொட்டுப் பொட்டாக வைத்து, ஈரத்துணியால் கீழ்நோக்கி இழுத்துவிடச் சொல்லிக் கொடுத்தார்.

ஸ்டூடியோவில் திரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருந்தது. நான் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தேன். சொன்னபடியே வைத்து, சொன்னபடியே இழுத்துவிட்டாள். இழுக்க இழுக்க முகம் இருண்டுகொண்டே போனது. கழுத்து ஒரு நிறம், முகம் அதைவிடக் கறுப்பாக வேறொரு நிறம்.

போட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, இருந்ததும் போச்சே. எதுல பூசிப் பாத்து வாங்குனீங்க?"

"கையிலதான் அண்ணே."

"கொழுந்து எடுக்கிற கையிலயா?"

அத்தை தன் கையைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தாள். தலையில் போட்டிருக்கும் துணி மலையில் அவள் முகத்தை வெயிலிலிருந்து காத்தது. கையை மறைக்க எதுவும் இல்லை. தேயிலைக் கறையும் வெயிலும் சேர்ந்து அதை வேறு யாருடைய கையோபோல ஆக்கியிருந்தன.

"இதுக்கும் மூஞ்சிக்கும் என்ன சொந்தம்," என்று சொல்லி அத்தை சிரித்தாள். பிறகு குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். அதற்கு வெகுநேரம் ஆனது. திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. சோப்பு பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. "இருக்கிற மூஞ்சியோட எடுங்க அண்ணே," என்றாள்.

படம் கைக்கு வருவதற்குள் பயண நாள் வந்துவிட்டது. பதுளை ஸ்டேசனில் எல்லாரும் அழுதார்கள். ரயில் நகர்வதற்குச் சற்று முன் அத்தை ஜன்னல் வழியாக அந்த டியூபை என் கையில் திணித்தாள். "நீ பெரியவளானதும் போட்டுக்க. ஒனக்காச்சும் ஒதவட்டும்." அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் நடந்தார். அத்தையை நாங்கள் அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை.

அப்பா பிறகு ஒருநாள் போய்ப் படத்தை வாங்கிவந்தார். முன்பு எடுத்ததைப் போலத்தான் இருந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் வைத்தார்.

பெரியவளாகும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. ஒரு சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து டியூபைப் பிதுக்கிப் புறங்கையில் தேய்த்தேன். அத்தையின் கையில் நடந்த வித்தை என் கையில் நடக்கவில்லை. அது மறையாமல் நின்றது. மறையும் மறையும் என்று விரல்களிலும் மணிக்கட்டிலும் பூசிக்கொண்டே போனேன். என் கை முழுவதும் அத்தையின் கை நிறத்துக்கு வந்திருந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், டியூபில் பாதி தீர்ந்துவிட்டது என்பதுதான்.

வேலை முடிந்து அப்பா வந்தார். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"காட்டு."

நீட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்: "சாமானையெல்லாம் வீணாக்குறா, ஒண்ணும் கேக்காம நிக்கிறீங்களே. போய்க் கழுவச் சொல்லுங்க."

"கழுவ வேணாம்," என்றார் அப்பா. "இருக்கட்டும்."

தப்பித்தேன் என்ற சந்தோஷத்தில் ஓடப் பார்த்தேன். கீழ் லயத்துப் பிள்ளைகள் விளையாட என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாதான் கையை விடுவதாக இல்லை.