சிங்காரவேலின் முப்பது அடி

சிங்காரவேலுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. சந்தேகமிருந்தால் அவரையே கேட்கலாம், அவரே சொல்வார். நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண் கொட்டும் பிரிவில் ஃபோர்மேனாகக் காலம் தள்ளிவிட்டு 2013-இல் ஓய்வு பெற்றவர். நிலக்கரியை எடுப்பதற்கு முன்னால் அதன்மேல் கிடக்கும் மண்ணை வாரி, வேறொரு பக்கம் மலைமலையாகக் குவிப்பார்களே, அந்தக் குவியலுக்கு அவர்தான் ராஜா. புதிதாகக் கொட்டிய மேட்டில் எவனாவது வண்டியை ஏற்றப் பார்த்தால் போதும், "கொட்டுன மண்ணு தரையாவாதுடா!" என்று தொண்டை கிழியக் கத்துவார். ஷிப்டில் எல்லாருக்கும் அது மனப்பாடம். அவர் கான்டீனுக்குள் நுழைந்தாலே பின்னால் யாராவது அதை முணுமுணுத்துச் சிரிப்பார்கள்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே. குள்ளஞ்சாவடி போகும் வழியில், பழைய முந்திரித் தோப்பு ஒன்றை மனை போட்டு விற்றார்கள். செம்மண் சரிவு. ரோட்டுப் பக்கம் மேடு, ஓடைப் பக்கம் பள்ளம். மனை வாங்கியவர்கள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். காற்றும் வெளிச்சமும் எல்லாருக்கும் வேண்டும், தரையிலிருந்து முப்பது அடிக்கு மேல் யாரும் கட்டக் கூடாது என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் நாற்காலியில் சிங்காரவேல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை எழுப்ப யாருக்கும் தைரியமில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பாலகுமார் தன் பழைய லேப்டாப்பில் வீடு வரையும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அப்பா பொழுது போகாமல் அம்மாவின் உயிரை எடுக்கிறாரே என்றுதான் கொடுத்தான். விளைவு என்ன? அவர் ஊர் உயிரை எடுத்தார். சுவர் எழுப்பலாம், கூரை போடலாம், நிலத்தைச் சரிவாகக் கூட ஆக்கலாம். முப்பது அடியில் ஒரு கோடு போட்டுவிட்டால் அதற்கு மேல் நீட்டுவது சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பைப் பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம்! லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு மனை மனையாகப் போவார். "பாத்தியா, ரெட்டு!" என்பார்.

பக்கத்து மனை மரியசெல்வியுடையது. குள்ளஞ்சாவடியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கணவன் செபாஸ்டின் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கான்ட்ராக்ட் என்ற சொல்லைச் சொல்லும்போதே சிங்காரவேலின் உதடு கோணும். பர்மனென்ட் ஆசாமி அல்லவா, பிறக்கும்போதே பர்மனென்டாகப் பிறந்தவர்! அந்தக் குடும்பம் சரிவை அப்படியே விட்டு, அதன்மேல் வீட்டைக் கட்டியது. மேலே ஒரு அறை போட்டு வாடகைக்கு விடலாம் என்பது மரியசெல்வியின் எண்ணம்.

"மாடி கூடாது" என்றார் சிங்காரவேல்.

"ரோட்டுலேர்ந்து பாத்தா இருபத்தேழு அடிதானுங்களே சார்?"

"ரோட்டுலேர்ந்து ஏன் பாக்குற? நிலம் எங்க தாழ்ந்திருக்கோ அங்கேர்ந்து பாக்கணும். உன் வூட்டுக்குப் பின்னால அஞ்சு அடி பள்ளம். முப்பத்திரண்டு. ரெட்டு!"

செபாஸ்டின் சண்டைக்குப் போகப் பார்த்தான். மரியசெல்விதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாடிக்கென்று விட்ட கம்பிகள் மழையில் துருப்பிடித்துக்கொண்டு நின்றன.

அப்புறம் சிங்காரவேல் தன் வீட்டைத் தொடங்கினார். "வாழ்க்கை பூரா பள்ளத்துல கெடந்தாச்சு. வூட்டையும் பள்ளத்துல கட்டுவனா?" என்று லாரி லாரியாகச் செம்மண் அடித்து, மனையை ரோடு மட்டத்துக்கு உயர்த்தினார். மண் சரியாமலிருக்கப் பின்னால் ஆறடிக்குத் தாங்கு சுவர். அதன்மேல் கீழ்த்தளம் எழும்பியது. மாடிதான் முக்கியம். பாலகுமார் ஃபோனில் தெளிவாகச் சொல்லியிருந்தான்: "அப்பா, ஒரே பாத்ரூம்ல எல்லாரும்னா அகிலாவுக்குச் சரிப்படாது. மாடியில தனி ரூம் இருந்தா லீவுக்கு வந்து தங்குறோம்." அகிலா மருமகள். அவர்கள் வந்து தங்கி ரெண்டு வருஷமாகிறது. மனைவி கமலா அந்த மாடியை மனசுக்குள் எப்போதோ கட்டி, மெத்தை விரித்து, ஜன்னலுக்குத் திரையும் போட்டுவிட்டாள்.

மாடிக்குக் கம்பி கட்டத் தொடங்கிய வாரம் சங்கக் கூட்டம் வந்தது. முந்திரி மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சிங்காரவேல் வழக்கம்போல லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். மரியசெல்வி எழுந்தாள்.

"உங்க வூட்டையும் அதுல போட்டுக் காட்டுங்க சார்."

"போட்டாச்சு. இருபத்தெட்டு அடி. பச்சை!" திரையைத் திருப்பிப் பெருமையாகக் காட்டினார். புல்வெளி மாதிரி சமமான தரையில் வீடு பொம்மையாக நின்றது.

"தரை சமமா இருக்குதுங்களே. எங்க வூட்டுக்கு மட்டும் சரிவு போட்டீங்க?"

"என் மனை சமம்தானம்மா. கண்ணு தெரியலையா?"

பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கொளஞ்சியப்பன், அதே பிரிவில் அவரோடு ஷிப்ட் பார்த்தவர். சிரிப்பை அடக்க முடியாமல் தொடையைத் தட்டிக்கொண்டார். "யோவ் ஃபோர்மேன், கொட்டுன மண்ணு தரையாவுமாய்யா?"

கூட்டமே சிரித்தது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் பாதிப் பேர், அவர்கள் கோரஸாகவே சொன்னார்கள். சிங்காரவேலின் முகத்தில் ஈயாடவில்லை. ஊரே பார்க்க நின்ற தாங்கு சுவரை, மண் மேட்டுக்கே ராஜாவாக இருந்த மனிதர் பார்க்கவில்லை! அவர் கண்ணில் அது மேடாகவே படவில்லை, தன்னுடையது பாருங்கள். கொளஞ்சியப்பன் விடவில்லை. "போடுய்யா, பழைய சரிவப் போடு" என்று பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். தரையை ஆறடி இறக்கினார் சிங்காரவேல். முப்பத்துநாலு அடி. மாடியின் தலை சிவந்துபோயிற்று.

மரியசெல்வி சிரிக்கவில்லை. "உங்க வூட்ட இடிக்கணும்னு எனக்கு ஆசை இல்லீங்க சார். எல்லாருக்கும் ரோட்டுலேர்ந்து அளக்குறதுன்னு வெச்சிடுங்க. உங்க மாடியும் நிக்கும், எங்க மாடியும் நிக்கும். போன தடவ அளந்தது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் மகன் வந்திருப்பான், கமலா சிரித்திருப்பாள். அந்த வாயில் அந்த வார்த்தை வருமா? ரோட்டிலிருந்து அளப்பது என்று எல்லாரும் கை தூக்கினார்கள், கமலா உள்பட. அவர் ஒருவர்தான் தூக்கவில்லை.

"நான் அளந்தா அளந்ததுதான். நீங்க எப்படி வேணா மாத்திக்குங்க. என் வூட்டுக்கு மாடி வேணாம், போங்க!" என்று லேப்டாப்பைப் படாரென்று மூடினார்.

என்ன வீம்பு! கமலா அழுதாள், கத்தினாள், மூன்று நாள் பேசாமலிருந்தாள். அவர் அசையவில்லை. நியாயத்துக்காக மாடியை விட்ட மகான் என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டு தெருவில் நடந்தார். ஒருத்தரும் அதை நம்பவில்லை. கட்டிய கம்பிகளின் தலையில் பழைய பாட்டில்களைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பொங்கலுக்குப் பாலகுமாரும் அகிலாவும் வந்தார்கள். கார் சிங்காரவேல் வீட்டு வாசலில்தான் நின்றது. பெட்டிகள் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போயின. மரியசெல்வியின் மாடி அறை அப்போதுதான் வெள்ளையடித்துத் தயாராகியிருந்தது. கமலாதான் போய்க் கேட்டிருந்தாள். "தாராளமா வந்து தங்கட்டும்மா. பொங்கலும் அதுவுமா வாடகையா கேப்பேன்?" என்றிருந்தாள் மரியசெல்வி.

மறுநாள் காலை கமலா ஒரு ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து சிங்காரவேலின் முன்னால் வைத்தாள். "எனக்கு முட்டி வலி. காப்பிய நீங்களே மேல கொண்டுபோய்க் குடுங்க."

வேறு வழியில்லை, போனார். வாசலில் நின்ற மரியசெல்வி, "பாத்து ஏறுங்க சார், கைப்பிடி இன்னும் வெக்கல" என்றாள். ஒரு சொல்லாவது குத்தலாகச் சொல்லியிருக்கலாம். அதுகூடச் சொல்லவில்லை. அதுதான் அவரை அறுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறிச் சேர்ந்தார்.

பாலகுமார் ஜன்னலருகே நின்றிருந்தான். அப்பாவின் கையிலிருந்து ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு வெளியே காட்டினான். கீழே பாட்டில் கவிழ்த்த கம்பிகளோடு மொட்டை மாடி கிடந்தது.

"என்னப்பா, லாரி லாரியா மண்ணு அடிச்சேன்னீங்க. இங்கேர்ந்து பாத்தா நம்ம வூடு பள்ளத்துலதான இருக்கு?"