மதர்போர்டும் மூன்று மணி மின்சாரமும்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம். காலையில் இடுவதாகச் சொன்ன பதிவு தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

திருமணக் காணொளிகளைத் தொகுக்கும் என் கணினியை நானே ஓவர்கிளாக் செய்து, கூடுதல் வேகத்தில் ஓட்டுகிறேன். எவரிடமும் பாடம் கேட்டதில்லை. இரண்டு வாரமாக அது திடீரென அணைகிறது. புது மதர்போர்டு தேர்ந்தெடுக்கத் தஞ்சாவூர்க் கடைக்குச் சென்றேன்.

கடைக்காரர் என் கேள்விகளை விட்டுவிட்டு, "எந்த ஊருங்க?" என்றார்.

"திருவையாற்றுப் பக்கம்."

"சுத்தி வயலா? மும்முனை கரண்டு வந்ததும் எல்லா பம்புசெட்டும் ஒண்ணா ஓடுமே?"

"ஆமாம். எல்லோரும் மோட்டாரைத் தானாகக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டே போவார்கள்."

"அப்பத்தானே கம்ப்யூட்டர் அணையுது?"

யோசித்தேன். அப்போதுதான்.

"யூபிஎஸ் இல்லாமயா இந்த வேகத்துல ஓட்டுறீங்க? அத்தனை மோட்டாரும் ஒண்ணா இழுக்குறப்ப வோல்டேஜ் விழுந்து எகிறி போர்டு கருகிடும்; புதுசு வாங்கினாலும் பம்புசெட்டு குடிச்சுடும்ங்க. கரண்டு எப்ப வரும்?"

"மூன்று மணிக்கு."

சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. பூட்டிய வீட்டில் கணினி இப்போதும் ஒரு திருமணத்தைத் தொகுத்துக்கொண்டிருக்கிறது. கேமராவின் மெமரி கார்டுகளை அழித்துவிட்டேன்; படம் முழுதும் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கிறது. மணமகன் துபாய்க்குப் போய்விட்டார்.

உடனே ஓடி ஏறிய பேருந்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்; வழியிலுள்ள கண்டியூரை இன்னும் தாண்டவில்லை. மணி இரண்டு ஐம்பது. சாவி என் கைப்பையில்.

எந்த போர்டு நல்லது என்று கேட்கவே இப்பதிவை இட எண்ணியிருந்தேன். இப்போது கேட்பது வேறு: போர்டு கருகினால் படம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் தப்புமா? அறிந்தவர்கள் உடனே பதில் தாருங்கள்.