கதவுக்கு வெளியே கொய்யாப்பழம்

புருஷனின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையிலேயே சுதர்சினி கடையைத் திறந்தாள். புளத்கொகுபிட்டிய பஜாரில், அரிசி, பருப்பு, கருவாட்டிலிருந்து மண்வெட்டிப் பிடி வரை விற்கிற கடை. வெள்ளைச் சேலை கட்டுவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அலமாரியில் முதலில் கைக்குப் பட்ட பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, முன்மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த மறு நிமிடம் தலைக்கு மேலிருந்து செத்துப்போன புருஷன் பாலசுப்பிரமணியத்தின் குரல் கேட்டது.

"உள்ள போடி."

கூண்டில் இருந்த கிளிதான். தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளி. ஏழு வருடமாக அந்தக் கூண்டில் இருந்தது. கூண்டு சிறியது, வால் எப்போதும் கம்பிக்கு வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குத் தெரிந்த பேச்சு அந்த ஒன்றுதான். பதினாறு வருடம் பாலசுப்பிரமணியம் மனைவியிடம் சொன்ன பேச்சு அது. அவர் கை நீட்டி அடித்தவர் இல்லை, குடித்தவரும் இல்லை. ஆனால் லொறிக்காரர்களோ மாணிக்கக் குழியில் வேலை செய்யும் ஆட்களோ கடைக்கு வந்த நேரம் அவள் முன்பக்கம் தலைகாட்டினால் போதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைச் சொல்லுவார். அவளும் உள்ளே போய், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாமான் கட்டுவாள்.

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் பிறந்த ரப்பர் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த பெண்கள், "முதலாளி இன்னும் போகலடி" என்றார்கள். சுதர்சினியும் சிரித்தாள். நான்காம் நாள் அவளால் சிரிக்க முடியவில்லை.

பக்கத்துத் தையல் கடை றஹீமா வந்து பார்த்தாள். "யாருக்காவது குடுத்திருங்களேன். காதுல கேக்காம நிம்மதியா இருக்கலாம்."

"குடுத்தா அங்கயும் கூண்டுதான்க்கா. இது வெளிய வரணும்."

அன்று மத்தியானமே கூண்டுக் கதவைத் திறந்து கையை விட்டாள். கிளி ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கம்பியில் அடித்துக்கொண்டு தாவியது. இரண்டு இறகு ஒடிந்தது. பிடித்து இழுத்தபோது ஆள்காட்டி விரலை எலும்பு தெரியக் கடித்தது. றஹீமா ஓடி வந்து துணி சுற்றிவிட்டாள்.

"நன்றி கெட்ட சாதி."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. கேக்காமக் கொள்ளாமப் புடிச்சு இழுத்தா நான்கூடக் கடிப்பேன்."

அதற்குப் பிறகு அவள் கூண்டுக்குள் கை விடவில்லை. மத்தியானத்தில் கடையில் ஆள் குறையும் நேரம், முன் ஷட்டரை இறக்குவாள். காற்றாடியை நிறுத்துவாள். கூண்டை மேசை மேல் வைத்து, கதவு தானாக அடித்துக்கொள்ளாமல் சணல் கயிற்றால் கட்டிவிட்டு, ஒரு எட்டுத் தள்ளி உட்கார்ந்து பீடி இலையைப் போலச் சுருண்டு கிடந்த பேப்பர்களை நீவிப் பை ஒட்டுவாள். கிளியை நேராகப் பார்க்க மாட்டாள். பார்த்தால் அது பின்வாங்கியது. முதல் வாரம் கொய்யாத் துண்டைக் கூண்டுக்குள்ளேயே, கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்து வாசல் கம்பி மேல். அதன் பிறகு ஒரு கொய்யாக் கிளையை வெட்டி, ஒரு முனை கூண்டுக்குள்ளும் மறுமுனை சீனி மூட்டை மேலும் இருக்கும்படி பாலம் போல வைத்தாள். கிளை புதிதாக வந்ததும் கிளி இரண்டு நாள் கதவுப் பக்கமே வரவில்லை. அவள் கிளையை எடுத்துவிட்டு, பழையபடி வாசல் கம்பியிலிருந்து தொடங்கினாள். அது கதவுப் பக்கம் வந்து பழகிய பிறகுதான் கிளையைத் திரும்ப வைத்தாள்.

"எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்றாள் றஹீமா.

"அதுக்கு எத்தனை நாள் வேணுமோ அத்தனை நாளைக்கு."

கூண்டைத் திறந்து வைக்கத் தொடங்கி நாற்பது நாளுக்கு மேல் இருக்கும், ஒரு மத்தியானம் பாலசுப்பிரமணியத்தின் அண்ணன் உதயராஜ் குருவிட்டயிலிருந்து வேனில் வந்து இறங்கினார். கல்யாணப் பேச்சின்போதே 'தோட்டத்து லயத்துப் பொண்ணு வேணாம்' என்று சொன்னவர் அவர்தான். ஷட்டரைத் தட்டிக் கடைக்குள் வந்து, சாமான் அடுக்கிய ராக்கைகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சாவியைக் குடும்மா. நம்ம பையன் ஒருத்தனைப் போடுறேன். நீ வீட்டுல இரு. பொம்பளை முன்னுக்கு உக்காந்தா பஜார்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுறான்."

"பேசட்டும் அத்தான்."

"தோட்டத்துல பொறந்த உனக்கு யாவாரம் தெரியுமா?"

"பதினாறு வருசம் இந்த மூட்டைக்குப் பின்னால உக்காந்து சாமான் கட்டினது யாருன்னு நெனச்சீங்க? எந்தத் தோட்டத்துக்கு எந்த அரிசின்னு அவருக்கு நான்தான் சொல்லுவேன். கடை லைசென்சும் என் பேருக்கு மாத்தியாச்சு. சாவி குடுக்க மாட்டேன்."

உதயராஜின் முகம் சிவந்துவிட்டது. பிறகு மேசை மேல் இருந்த கூண்டைக் கண்டார்.

"அப்ப கிளியையாவது குடு. தம்பி குரலாவது வீட்டுல கேக்கட்டும்."

அவர் குரல் உடைந்திருந்தது. அது பொய்யில்லை என்று சுதர்சினிக்குத் தெரிந்தது. இருந்தாலும் கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கூண்டைத் தர மாட்டேன் அத்தான். கதவு திறந்துதான் இருக்கு. உங்ககிட்ட அதுவா வந்தா கூட்டிட்டுப் போங்க. கை விட்டு இழுக்கக் கூடாது."

அவர் கையை நீட்டினார். கூப்பிட்டார். தம்பியைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். கிளி பின்கம்பியில் ஒட்டிக்கொண்டது.

"இது வெளிய வராது. உனக்கும் வராது," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

அந்த வாரம் முழுக்க அவள் கோபத்தோடு பை ஒட்டினாள். கொய்யாத் துண்டு மட்டும் தவறாமல் அதன் இடத்தில் இருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை, தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்த மத்தியானம், கிளி வாசல் கம்பியில் வந்து நின்றது. கழுத்தை நீட்டிக் கிளையைக் கவ்விப் பார்த்தது. ஒரு காலை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பசை படிந்த விரலோடு சுதர்சினி அசையாமல் இருந்தாள். கிளி பக்கவாட்டாக நடந்து, கிளையின் கடைசிவரை வந்து, சீனி மூட்டை மேல் இறங்கியது. கொய்யாவைத் தின்னவில்லை. மூட்டையின் தையலைக் கொத்திப் பிரித்தது. சீனி தரையில் கொட்டியது. அவள் தடுக்கவில்லை. அது இறக்கை இரண்டையும் ஒரே நேரத்தில் விரித்தது. அது முழுதாக இறக்கை விரித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தக் கூண்டில் விரிக்க முடியாது. அவளுக்குக் கண் நிறைந்தது.

பொழுது சாய்ந்ததும் அது தானாகவே கூண்டுக்குள் போனது. றஹீமா கேலி செய்தாள். "இவ்வளவு பாடுபட்டீங்க, திரும்ப உள்ளதானே போகுது?"

"அது விருப்பம். போகவும் வரவும் அதுக்குத் தெரியும் இப்ப," என்றாள் சுதர்சினி. அன்றே குறட்டால் கூண்டுக் கதவைக் கழற்றி எடுத்தாள்.

இறகு முளைத்து, கடைக்குள் பறந்து பழகி, இரண்டு மாதத்தில் அது பின்பக்கத்துப் பலாமரம் வரை போய் வரத் தொடங்கியது. சில நாள் இரவு தங்க வரவில்லை. அவள் தேடிப் போகவில்லை.

அந்த ஆவணியில் பஜார் வர்த்தகர் சங்கக் கூட்டம் வந்தது. அவள் கடைக்கான அழைப்பு உதயராஜின் பெயருக்குப் போயிருந்தது. சுதர்சினி அழைப்பில்லாமலே போனாள். முப்பது ஆண்கள் உட்கார்ந்திருந்த மண்டபத்தில், முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கையில் கிளி நகம் கீறிய கோடுகள் தெரிய, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு அதில் உட்கார்ந்தாள். செயலாளர் வருகைப் புத்தகத்தை அவளைத் தாண்டிப் பக்கத்து ஆளிடம் நீட்டினார். அவள் எட்டி வாங்கி, தன் பெயரைத் தெளிவாக எழுதிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தாள்.