மஞ்ச லைட் கேட்ட ஏழுமலை சார்

ஏழுமலை சார் போயிட்டார்.

இன்று காலை வாட்டர் டேங்க் பக்கம் வாக்கிங் போனவரை மலைத்தேனீ கொட்டிவிட்டது... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்று மத்தியானம்தான் என் எலெக்ட்ரிக்கல் கடைக்கு வந்து, கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆயிரத்தெட்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்க நைனாவுக்கு அப்புறம் கடையை நான் எடுத்து நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து என் கஸ்டமர்.

சர்வீஸில் இருந்தவரை லேட்டாக வந்த டிரைவர்களை வறுத்தெடுத்தார். ரிட்டையர் ஆனதும் பறவைகளைப் பிடித்துக்கொண்டார்.

மகள் வாங்கிக் கொடுத்த பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோட்டை அடிவாரத்தில் நிற்பார். "அந்த மைனா இன்னிக்கு லேட்டும்மா" என்பார். ரொம்ப சீரியஸாக.

இன்னொரு பைத்தியம் எல்.இ.டி. தன் வீட்டுக் குண்டு பல்பு, டியூப் லைட் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். "வெள்ளை எல்.இ.டி போடுங்க, கரண்டு மிச்சம்."

எனக்கு வியாபாரம். நான் ஏன் தடுக்கப் போகிறேன்? கொஞ்ச நாளில் தெருவே பளிச்சென்று ஆகிவிட்டது.

அப்புறம்தான் அந்தத் தெருமுனை வாட்டர் டேங்குக்கு அடியில் மலைத்தேனீ கூடு கட்டியது. கோட்டைப் பாறையில் பெரிசு பெரிசாகத் தொங்குமே... அதே ஜாதி.

ஒருநாள் சார் கடைக்கு வந்து ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே செத்த தேனீக்கள்.

"காலையில எங்க கேட்டு லைட்டுக்கு அடியில பெருக்கி அள்ளுனேன்மா. வெள்ளை வெளிச்சத்தப் பாத்துட்டு எறங்கி வருது. சுத்திச் சுத்தி உழுந்து சாவுது."

"லைட்டுக்கு பூச்சி வர்றது புதுசா சார்?"

"இது வெறும் பூச்சி இல்ல. சாவறதுக்கு முன்ன ஆளக் கொட்டும். மஞ்ச லைட்டு குடு, போட்டுப் பாக்கறேன்."

மஞ்சள் எல்.இ.டி போட்டார். தேனீ விழுவது குறைந்தது. அவர் கேட்டில் மட்டும்.

மறுபடியும் வீடு வீடாக ஏறினார். இந்தத் தடவை மஞ்சளுக்கு மாற்றச் சொல்லி.

அங்கேதான் நம்ம ஊர் புத்தி வேலை செய்தது. மஞ்சள் வெளிச்சம் என்றால் நமக்குக் குண்டு பல்பு. குண்டு பல்பு என்றால் கரண்ட் இழுக்கும். "எல்.இ.டி-யிலயே மஞ்ச இருக்குது, கரண்டு ஒண்ணுதான்" என்று பெட்டியைக் காட்டினாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருடைய எதிர் வீட்டு அக்கா என் கடையில் வைத்தே கேட்டார். "நீங்கதான சார் வெள்ளை போடச் சொன்னீங்க? இப்ப மஞ்சன்றீங்க. ரிட்டையர் ஆயி வூட்ல குந்தினா இப்டித்தான்."

சார் சிரித்து வைத்தார். அக்கா போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "டென்ஷனா இருக்குதும்மா. பஸ்ஸுன்னா எப்ப வரும்னு சொல்லிடுவேன். இது எப்ப வரும்னு தெரியல."

நேற்று வந்தது, தெரு முழுக்க மாட்ட மஞ்சள் பல்பு கேட்டு. அவரே வாங்கி, அவரே ஸ்டூல் போட்டு மாட்டுவதாக இருந்தார். "அவ்ளோ ஸ்டாக் இல்ல சார், நாளைக்கு வந்துடும்" என்றேன்.

நேற்று சாயந்தரம் யாரையோ தேனீ கொட்டியிருக்கிறது. உடனே நாலு பேர் சேர்ந்து தீப்பந்தத்தோடு டேங்குக்குப் போய்விட்டார்கள்.

"கூட்டக் கொளுத்தாதீங்கய்யா, லைட்ட மாத்துங்கய்யா" என்று சார் தொண்டை கிழியக் கத்தினாராம்.

கொளுத்திவிட்டார்கள். பாதி எரிந்தது. மீதி டேங்க் தூணிலும் பக்கத்து வேப்பமரத்திலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. காலையில் முதல் ஆளாக அந்த வழியே போனது சார்தான்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது... யாரைப் பிடித்துக் கேட்பது?

பாடி இன்னும் வீட்டுக்கு வரவில்லை. நாளைக்குத்தான் எடுக்கிறார்கள்.

சற்று முன் அதே எதிர் வீட்டு அக்கா போன் செய்தார். "ரெண்டு ஃபோகஸ் லைட்டு வாடகைக்கு அனுப்பும்மா. நல்லா வெள்ளையா, பளிச்சுனு. சாவு வூட்ல இருட்டு ஆவாது."

"அக்கா, மரத்துல இன்னும் தேனீ இருக்குது. மஞ்ச லைட்டு எடுத்தாரேன்."

"எழவு வூட்ல இன்னாம்மா மஞ்ச லைட்டு? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" வைத்துவிட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி போன். "நீ அனுப்ப வாணாம். வேற எடத்துல எடுத்துட்டோம். ஷாமியானாவுல பகல் மாரி இருக்குது."

வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. என் கடை போர்டு லைட்டைச் சுற்றி ஏதோ ஒன்று முட்டி முட்டிப் பறக்கிறது. போர்டை அணைத்துவிட்டேன்.

கிளம்பிவிட்டேன். எனக்கு முன்னால் யாராவது அங்கே போய்ச் சேர்ந்தால், மாலை போடுவது அப்புறம்... முதலில் அந்த ஃபோகஸ் லைட்டை அணையுங்கள். யார் திட்டினாலும் பரவாயில்லை.

சார்... நீங்க கேட்ட மஞ்ச லைட்டு மத்தியானமே வந்துடுச்சு.

எடுத்துட்டு வரேன் சார்.