துறைமுக வாசலிலிருந்து மாமாவுக்கு ஒரு வீடியோ கால்

நேற்று கப்பல் சுற்றுலாவுக்குக் கிளம்பி, எங்கள் மலையூர் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் சேலம் பஸ்ஸுக்காகப் பெட்டிகளோடு நின்றிருந்தோம். நான் மாமா என்று கூப்பிடும் என் கணவரின் அண்ணன் பைக்கை நிறுத்தி, அத்தனை பேர் முன்னாலும் சிரித்தார்.

“காப்பி பறிக்கற கைக்குக் கப்பல் கேக்குதாக்கும்?”

என் கணவர் தலை குனிந்துகொண்டார். மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். மலை இறங்கியும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

இன்று சென்னைத் துறைமுகம். கப்பலைப் பார்த்ததும் முதல் வேலையாக மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாகக் காட்டினேன்.

“நல்லாப் பாத்துக்குங்க மாமா. இதுலதானுங்க போறோம்.”

அவர் மனைவியான அக்கா போனைப் பிடுங்கினார்.

“கண்ணு, அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போ. இந்த மனுசன் ஊட்டுலயே கெடக்கட்டும்.”

அக்காவைக் கூட்டிப்போவதென்று முடிவே செய்துவிட்டேன். மாமாவுக்குச் சோறு வடிக்கத் தெரியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.