ஆமென் என்றால் தூக்கு

எங்கள் பாஸ்டருக்குப் பிரசங்கம் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆதியாகமத்தில் தொடங்குவார், பின்தெருவில் தண்ணீர் வராத குழாயில் வந்து நிற்பார். சபையில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். ஆனால் மறுவாரம் குழாயில் தண்ணீர் வரும். மனுஷன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருப்பார்.

இல்லை என்று சொல்லும் நரம்பே அவருக்குக் கிடையாது. வீட்டு மிக்ஸி ஒரு கைம்பெண்ணின் வீட்டுக்குப் போனது. போர்வைகள் போயின. ஒருநாள் துவைத்துக் காயப்போட்ட திரைச்சீலைகளும் கொடியிலிருந்தே காணாமல் போயின.

"என்னங்க, ஜன்னலையாவது விட்டு வைங்க" என்றார் பாஸ்டரம்மா. பள்ளிக்கூட டீச்சர். அன்றிலிருந்து பீரோ சாவி அவர் இடுப்பில்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் சாய்தளம் கட்டவைத்ததும் இவர்தான். மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், ஒருநாள் காலையில் சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி, படிக்கட்டின் கீழே அதில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி இறங்கி வந்தார்.

"பாஸ்டர், உங்க காலு நல்லாத்தானே இருக்கு?"

"என் காலு நல்லாத்தான் இருக்கு சார். உங்க படிதான் சரியில்ல."

சாய்தளம் வந்தது.

பிறகு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரைப் பார்க்கப் போனார். பக்கவாதம் வந்து, முதுகெல்லாம் படுக்கைப்புண். மகன் அவரைத் தனியே விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தான். ஜெபம் பண்ணப் போனவர் ஆளையே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பாஸ்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "எந்தக் கட்டில்ல?"

அவர்கள் கட்டிலில்தான். தம்பதி இருவரும் தரையில் படுத்தார்கள். அதே போல இன்னும் சிலர் வந்து சேர, தரையும் போதவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த ஹாலில் கட்டில்கள் போட்டார்கள். நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி எனக்கு இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாளே சொன்னேன்: "பாஸ்டர், ஜெபம் அப்புறம். முதல்ல கண்டக்டரைத் திருப்பிப் படுக்க வைங்க."

திருப்பினார். கற்றுக்கொள்ளக் கூச்சப்படாத ஆள்.

தொந்தரவு வந்தது தூக்குவதில். நாற்காலியில் கைப்பிடி தைத்த கெட்டித் துணியை விரித்து, அதன்மேல் நோயாளியை உட்கார வைப்போம். நான்கு பேர் நான்கு பக்கம் பிடித்துக் கட்டிலுக்கு மாற்ற வேண்டும். உதவிக்கு வந்தவர்கள் சமையல்காரர், வாட்ச்மேன், பாடகர் குழுவிலிருந்து இரண்டு பெண்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னால் ஒருவர் இரண்டிலேயே தூக்குவார், இன்னொருவர் மூன்று முடிந்தபின் யோசித்துத் தூக்குவார். நடுவில் கண்டக்டர் தொட்டில் மாதிரி ஆடுவார்.

"ஆமென்னு வெச்சுக்கலாமே" என்றார் பாஸ்டர். "அதை மட்டும்தான் நம்ம ஆளுங்க எல்லாரும் ஒண்ணாச் சொல்றாங்க."

அது வேலை செய்தது. நாலு வார்த்தை ஜெபம், ஆமென், தூக்கு, கட்டிலில் விடு, ஒருக்களித்துப் படுக்கவை, முழங்கால்களுக்கு நடுவே தலையணை. பாதியில் நிறுத்தக் கூடாது என்பது மட்டும் என் சட்டம். ஜெபம் என்பதால் நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டே தூக்கினார்கள். அதை நான் கண்டித்தேன். யார் கேட்டார்கள்?

இப்படி இருக்கையில் சபைக் கமிட்டித் தலைவர் கமிட்டிக்காரர்களோடு வந்தார். மரக்கடைக்காரர். ஹால் சாவி அவரிடம்தான். ஆளும் தேக்கு மரம்தான்.

"கல்யாணத்துக்குன்னு கட்டின ஹால் பாஸ்டர் இது. என் பேத்தி கல்யாணத்துக்கு நான் வெளிய ஹால் தேடி அலையுறேன். நாலு பேரு சிரிக்கிறாங்க."

ஹால் போனால் அங்கிருந்த யாருக்கும் போக்கிடம் கிடையாது. பாஸ்டர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். பிரசங்கம் வராதவருக்கு வாதம் மட்டும் வந்துவிடுமா? தலைவர் அசையவில்லை. கமிட்டிக்காரர்களும் அவர் சொன்னதற்கே தலையை ஆட்டினார்கள்.

"சரி, ஜெபம் பண்ணி முடிச்சுடுவோம்" என்ற தலைவர், பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்டக்டரைக் குளிக்க அழைத்துப் போயிருந்தேன். அவருக்காகத் துணி விரித்து வைத்திருந்த நாற்காலி அது. ஜெபம் என்றதும் நாலு பேரும் வந்து வழக்கமான இடத்தில் நின்று கண்ணை மூடினார்கள். கை தானாகக் கைப்பிடியைத் தேடிப் பிடித்திருக்கிறது.

கண்டக்டரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு நான் குளியலறையை விட்டு வரவும், தலைவர் கணீரென்று "ஆமென்" சொல்லவும் சரியாக இருந்தது.

மரக்கடைக்காரர் மேலே எழுந்தார். கண் திறந்திருந்தது எனக்கும் கண்டக்டருக்கும் மட்டும்தான்.

"போலாம் ரைட்!" என்று கத்தினார் கண்டக்டர்.

"என்னய்யா இது, இன்னிக்கு இந்தக் கனம் கனக்கிறாரு?" என்று முனகினார் சமையல்காரர். ஆனால் பாதியில் நிறுத்தவில்லை. கட்டிலில் விட்டார்கள், ஒருக்களித்தார்கள், தலையணையைச் செருகினார்கள். பிறகுதான் கண்ணைத் திறந்தார்கள். பாடகர் குழுப் பெண் ஒருத்தி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சுடுங்க ஐயா, ஆள் மாறிப் போச்சு" என்று சமையல்காரர் தலையணையை உருவப் போனார்.

"எடுக்காதே" என்றார் தலைவர். "நடு முதுகுல வலி. வருஷக்கணக்கா உட்கார்ந்துதான் தூங்குறேன். இப்படிப் படுக்கலாம்னு ஒருத்தனும் சொல்லலியே."

"யாருகிட்ட கேட்டீங்க?" என்றேன்.

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது. கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எழுப்பலாமா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"டிக்கெட் வாங்கினவரை நடுவழியில இறக்கக் கூடாது சார்" என்றார் கண்டக்டர். குளித்த ஈரம் காயுமுன்னே அவருக்கு எகத்தாளம்.

விழித்தெழுந்த தலைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பேத்தி கல்யாணத்தைத் தோட்டத்துல வெச்சுக்கலாம். மழை வந்தா நனையட்டும். ஆனா ஒண்ணு பாஸ்டர், இனிமே இங்க எவனும் கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணக் கூடாது. இன்னிக்கு நான். நாளைக்கு பிஷப் வருவாரு."

நான் எத்தனையோ தரம் சொன்னது அன்று சட்டமாயிற்று. பாஸ்டர் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் பண்ணப் பழகினார். அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போய்விட்டது. ஜெப நேரத்தில் செல்போன் பார்ப்பவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். சபையில் ஒரே புலம்பல்.

புலம்பாதவர், முன்வரிசையில் முதுகுக்குத் தலையணை கொடுத்து நன்றாகத் தூங்குபவர் ஒருவர்தான். அவரை மட்டும் பார்த்தும் பார்க்காதது போல இருக்கச் சொல்லியிருக்கிறார் பாஸ்டரம்மா. ஹால் சாவி இன்னும் மரக்கடைக்காரரிடம்தானே இருக்கிறது.