இரண்டு சாட்சி இருந்தால் மை

பென்சிலை இரண்டு முனையிலும் சீவுவாள். ஒரு முனை மழுங்கினால் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம், எழுந்து போக வேண்டியதில்லை. பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது. ஒரு சொட்டு மை போதும், நூறு வருஷத்துக் காகிதம் பாழ். மற்றவர்கள் அங்கே மேசையில் கிடக்கும் மொட்டைப் பென்சிலை எடுத்துக் கிறுக்குவார்கள். இவள் வீட்டிலிருந்தே ஆறு பென்சிலை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு எடுத்து வருவாள். அதனால் பென்சிலக்கா. பெற்றவர்கள் வைத்த பேரை அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

வயது ஐம்பத்தாறு. தொழில் தையல். வாரத்தில் ஐந்து நாள் மிஷினோடு மல்லுக்கட்டு. செவ்வாயும் வெள்ளியும் பதிவறையில். பதிவேட்டைத் திறக்கும் முன் அதன் முதுகை ஒருமுறை தடவுவாள், துணியின் தரம் பார்க்கிற மாதிரி. விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவரைக் கண்டால் பார்வையாலேயே எரித்துவிடுவாள். பழைய கையெழுத்தைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வக்கீல் குமாஸ்தாக்களே பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்று நிற்பார்கள்.

உதவி உண்டு, ஒத்தடம் கிடையாது. தன் கொள்ளுத்தாத்தா நீதிபதி என்று மார்தட்டிக்கொண்டு வந்த ஒரு கண்ணாடிக்கடைக்காரருக்கு மூன்று வாரம் தேடிக்கொடுத்தாள். "நீதிபதி இல்லீங்க. கோர்ட்டு வாசல்ல காவல் நின்னவரு. இருபத்தேழு வருஷம் ஒரு நாள்கூட லீவு போடலை. அதுவும் பெருமைதான், எழுதிக்கோங்க" என்றாள். அவர் எழுதிக்கொள்ளவில்லை. வணக்கம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். "ரெக்கார்டுல இருக்கிறதை மறைக்க நாம யாரு?" என்று அடுத்த பதிவேட்டுக் கட்டைப் பிரித்தாள் பென்சிலக்கா.

அவள் வீட்டுச் சுவரில், அளவு வெட்டும் பழுப்புத் தாளில், குடும்பத்தின் வம்சப்படம் தொங்குகிறது. ஆளுக்கொரு கட்டம். ஒரே ஒரு பதிவில் கிடைத்த பெயர் பென்சிலில் இருக்கும். இன்னொரு பதிவும் அதையே சொன்னால்தான் மேலே பேனா ஓடும். "ரெண்டு சாட்சி இருந்தா மை. இல்லேன்னா ரப்பருக்கு வேலை" என்பாள். அந்தப் படத்தில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவளுடைய அம்மாவுக்கு மேலே உள்ள கட்டம், அம்மாவின் அப்பாவுக்குரியது.

அம்மாவுக்கு எழுபத்தொன்பது. அவளுக்கு ஆறு வயதானபோது, தச்சு வேலைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. ரயிலேறி ஓடிவிட்டார், போன இடத்தில் வேறு குடும்பம் என்று ஊர் நாக்கில் நரம்பில்லாமல் பேசியது. அம்மா அதை நம்பித்தான் வளர்ந்தாள். எந்த விண்ணப்பத்திலும் தகப்பன் பெயர் கேட்கும் இடத்தில் ஒரு கோடு போடுவாள். "அந்தாளு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். வம்சப்படம் தொங்கிய அன்றே சொல்லிவிட்டாள்: "அந்தக் கட்டத்துல எதையாச்சும் எழுதினே, தாளைக் கிழிச்சு அடுப்புல போடுவேன்." பென்சிலக்கா எழுதவில்லை. ஆனால் தேடுவதை நிறுத்தவுமில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரோ ஒருவருக்காகப் பிரசவத்தில் இறந்த ஒரு பெண்ணைத் தேடி, மூடிப்போன ஒரு பொது ஆஸ்பத்திரியின் மரணப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அசல் செல்லரித்துவிட, பின்னாளில் யாரோ பார்த்து எழுதிய நகல் அது. ஓர் ஆணின் பெயருக்கு நேரே, "வயது இருபத்திரண்டு, பிரசவத்தில் மரணம்" என்று இருந்தது. சிரித்துவிட்டாள். கட்டுகளைச் சுமந்து வந்து கொடுக்கும் ஊழியரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரைக் கட்டுக்காரர் என்பார்கள்.

"அந்தக் காலத்து ஆம்பளைங்க எதையும் தாங்குவாங்கக்கா" என்றார் கட்டுக்காரர்.

சிரிப்பு பாதியில் நின்றது. சட்டையில் மேல் பட்டனைத் தவறான காஜாவில் போட்டால் கீழ்ப் பட்டன்வரை எல்லாம் தப்பாகத்தான் போகும். அது தையல்காரிக்குத் தெரியாதா? நகல் எடுத்தவர் பெயர்களைச் சரியாக எழுதிவிட்டு, மற்ற விவரங்களை ஒரு வரி கீழே இறக்கிவிட்டிருந்தார். அந்தப் பக்கம் முழுக்க ஒருவருடைய வயதும் நோயும் அடுத்தவர் பெயருக்கு நேரே கிடந்தன.

பென்சிலக்காவுக்கு அந்தப் பக்கம் புதிதல்ல. ஐந்து வருஷத்துக்கு முன்பே அதில் அம்மாவின் அப்பா பெயரைப் பார்த்திருக்கிறாள். எதிரே "வயது எழுபத்தொன்று, தோட்டக்காரர்" என்று இருந்ததால், நம்ம ஆள் இல்லை என்று நோட்டில் கோடு போட்டுவிட்டுப் போனவள். யானைக்கும் அடி சறுக்கும். இப்போது அந்தப் பெயரில் விரலை வைத்து, ஒரு வரி கீழே இறக்கினாள். வயது முப்பத்துநான்கு. தச்சர். விஷக்காய்ச்சல். நான்கு நாள் சிகிச்சை. தேடி வந்த உறவினர்: எவருமில்லை. தேதி, அவர் வேலைக்குப் போன நாளிலிருந்து ஐந்தாம் நாள்.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினாள். கட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இரண்டாம் சாட்சி வெள்ளிக்கிழமை கிடைத்தது. அநாதைப் பிணங்களை அடக்கம் செய்த பதிவேட்டில் அதே பெயர், அதே வயது, அதே தொழில். இனி மை போடலாம். ஆனால் ஊராருக்கெல்லாம் உள்ளதை உடைத்துச் சொன்னவளுக்கு, பெற்ற தாயிடம் வாய் வரவில்லை. பதினோரு நாள் நோட்டை மிஷின் டிராயருக்குள்ளேயே வைத்திருந்தாள். ஓடிப்போனவன் என்றால் திட்டவாவது செய்யலாம். நடந்துபோகிற தூரத்தில் கேட்பாரற்றுக் கிடந்து செத்தவரை என்ன செய்வது? போதாக்குறைக்கு, தான் ஒழுங்காகப் பார்த்திருந்தால் அம்மாவுக்கு ஐந்து வருஷம் முன்பே தெரிந்திருக்குமே என்ற குத்தல் வேறு.

தம்பிக்குப் போன் போட்டாள். "எழுபத்திமூணு வருஷமா திட்டியே பழகிட்டாங்கக்கா. இப்பப் போயி கிளறி என்ன ஆகப்போவுது?" என்றான் அவன்.

"திட்டு வாங்கினவருக்கு ஒரு ஞாயம் வேணாமாடா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். அதைக் கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய சட்டையொன்றின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பென்சிலக்கா நோட்டைப் பார்த்து, பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் படித்தாள். ஐந்து வருஷத்துக்கு முன் தான் போட்ட கோட்டையும் மறைக்கவில்லை. அம்மாவின் கை நிற்கவில்லை. சட்டையின் ஒரு கை முழுவதும் பிரிந்து மடியில் விழுந்தது.

"எத்தனை நாள் கெடந்தாரு?"

"நாலு நாள்ம்மா."

"அந்த ஆஸ்பத்திரி எங்க இருந்துச்சு?"

"பாலத்துக்கு அந்தப்பக்கம்."

"நாங்க பாலம் வரைக்கும் போயி வெளையாடுவோம்" என்றாள் அம்மா. நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள். "நாங்க அவரு வரலை, வரலைன்னு இங்க உக்காந்திருந்தோம். எங்கப்பா அங்க படுத்துக்கிட்டு, நாங்க வரலையேன்னு பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு, இல்ல?"

அதற்குப் பதில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நூல் துணுக்குகளை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, "அந்தத் தாளை எடு" என்றாள் அம்மா. கிழிக்கத்தான் கேட்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் ஆணியிலிருந்து இறக்கி, துணி வெட்டும் மேசையில் விரித்தாள். வழக்கம்போல் கை பென்சிலுக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தி, அலமாரியிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா வாங்கிக்கொண்டு வெற்றுக் கட்டத்தின் மேல் குனிந்தாள். தாள் நகராதபடி இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள் பென்சிலக்கா.